மீசைக்காரர் வீட்டு மொட்டை

நாள் முழுக்க அடுத்தவர் தலைமுடியை வெட்டிப் பிழைக்கிற மனிதர், வளர்ப்பதற்கென்று முடியே இல்லாத ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தெரு சும்மா இருக்குமா? இருக்கவில்லை.

“என்னண்ணே, இதுக்கும் நம்ம கடையிலதான் மொட்டை போட்டீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “நல்ல ஜீவனாப் பார்த்துத்தான் பிடிச்சிருக்கீங்க, வீட்டுலயும் போய் வேலை செய்யவேண்டியதில்லை” என்றார் பேருந்து ஓட்டுநர், நாற்காலியில் சாய்ந்து சவரத்துக்குத் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே. கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டியிருக்கிறவருக்கு இவ்வளவு வாய் கூடாது. ஆனால் கத்தி பிடித்தவர் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே நுரையைத் தடவினார்.

மீசைக்காரர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். சும்மா சொல்லக்கூடாது, அது மீசைதான். மேல் உதட்டை முழுக்க மறைத்து, இரண்டு கன்னத்திலும் ஏறி, நுனியில் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கும். கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது, அதை யாரும் படித்ததில்லை. அந்த மீசையைப் பார்த்தே ஆட்கள் உள்ளே வந்தார்கள். தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அதற்குத்தான் முதல் வேலை செய்வார்.

கடையில் இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரையை விலக்கினால் வீடு: ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. அவ்வளவுதான். அந்த அறைக்குக் கிளிப்பச்சை வண்ணம் அடித்திருக்கும். மூன்று சுவர் முழுசாகப் பச்சை, நான்காவது சுவர் பாதி பச்சை, பாதி பழைய வெள்ளை. அடித்தது அவர் மனைவி. நிறைமாத வயிற்றோடு முக்காலியில் ஏறி நின்று, இவர் எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல், “வர்ற பிள்ளை வெள்ளைச் சுவத்தைப் பார்த்தா ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்கும்” என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான்காவது சுவரின் நடுவில் வலி வந்துவிட்டது. பிரஷை அப்படியே போட்டுவிட்டுப் போனவள் மகளோடு திரும்பினாள். மீதியை நாளைக்கு முடிக்கிறேன், நாளைக்கு முடிக்கிறேன் என்று வருஷக்கணக்காகச் சொன்னாள். பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சல் அவளையே கொண்டுபோய்விட்டது. அந்தப் பாதிச் சுவரில் இன்னொருவர் கை வைக்க அவர் விடவில்லை. பிரஷ் நின்ற இடத்தில் வண்ணம் வழிந்து காய்ந்திருக்கும். படுக்கும்போது அந்தப் பக்கம்தான் திரும்பிப் படுப்பார்.

அவள் போன வருஷமே மகளுக்கு இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, “கடையும் வீடும் ஒண்ணா இருக்கக்கூடாது. முடித்தூள், பவுடர், ஸ்ப்ரே எல்லாம் குழந்தை நெஞ்சுக்குள்ள போகுது. வீட்டை மாத்துங்க” என்றார். “பார்க்கலாம் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்து, திரையைக் கொஞ்சம் கனமான துணியில் தைத்து மாட்டினார். திரைக்குத் தெரியுமா தூளை நிறுத்த? மகள் ஒருநாள் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மனைவியின் அக்கா, இவர் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து பிள்ளையின் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார்.

“இழுப்பு நிக்கிற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும் தம்பி.”

அப்போது ஒன்றாம் வகுப்பு. இப்போது நான்காம் வகுப்பு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி வீடு. கடைக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதோறும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சொந்த மகளைப் பார்க்க விருந்தாளி மாதிரி போவார். அண்ணி குறை வைக்கமாட்டார். நாற்காலி போடுவார், டீ கொடுப்பார். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டதற்குப் பதில் சொல்வாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்பார்:

“அடுத்து எப்போ அனுப்புவீங்க, அண்ணி?”

“பார்க்கலாம், தம்பி.”

இத்தனை வருஷமும் இதே கேள்வி, இதே பதில்தான். அந்தப் ‘பார்க்கலாம்’ இருக்கிறதே, அதை அவர் பாலம் முழுக்கச் சுமந்துகொண்டு வருவார். முடியாது என்று சொன்னால்கூடச் சண்டை போடலாம். பார்க்கலாம் என்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? வீட்டுக்கு வந்து பாதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அண்ணியைத் திட்டுவார், மனதுக்குள்தான்.

மகளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஏதாவது ஒரு பிராணி வேண்டும். நாயோ பூனையோ முயலோ எதுவானாலும் சரி. “முடி உள்ளது எதுவும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது” என்று அண்ணி ஒரே போடாகப் போட்டுவிட்டார். நியாயம்தான். அதனால் அந்தப் பெண் செவ்வாய்க்கிழமைகளில் நோட்டு ஓரத்தில் பூனை வரைந்துகொண்டிருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார். வயதான அப்பாவுக்கு முடி வெட்ட அழைத்து வருகிறவர். வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, போகிற வீட்டில் பிராணிகளை விடமாட்டார்களாம். “ரெண்டு வெச்சிருந்தேன். ஒண்ணு போயிடுச்சு. இது ஒண்ணுதான் இருக்கு. யாராவது நல்லாப் பார்த்துக்குவீங்கன்னா குடுக்கிறேன்” என்று போனில் படத்தைக் காட்டினார். கினிப் பன்றியாம். ஆனால் முடி கிடையாது. ரோஸ் நிறத்தில் வெறும் தோல், முதுகில் கறுப்பாக ஒரு திட்டு, மூக்கின் மேல் மட்டும் கொஞ்சம் பூனைமுடி, காதோ காய்ந்த இலை போலச் சுருங்கி இருந்தது. கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். “ஐயே, உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு” என்றார் ஓட்டுநர்.

மீசைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்தினார்.

“இதுக்கு முடி கொட்டுமாம்மா?”

“கொட்டறதுக்கு இருந்தாத்தானே!”

“குடுங்க. நான் பார்த்துக்கறேன்.”

தூண்டிலில் புழு மாட்டுகிற காரியம்தான் இது. அதை அவர் தனக்குள் ஒப்புக்கொள்ளாமலும் இல்லை. மகள் வரவேண்டும், வந்து இருக்கவேண்டும். அதற்கு இந்த உரித்த பிறவி உதவும் என்றால் உதவட்டும். அன்றைக்கு அது அவருக்கு அவ்வளவுதான்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம் பெரிசு. குளிர் ஆகாது, போர்த்திக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. வெயிலும் ஆகாது, தோல் வெந்துவிடும். காய்ந்த புல் எப்போதும் கண் முன்னால் இருக்கவேண்டும். தினமும் குடமிளகாய் ஒரு துண்டு, பச்சை இலை கொஞ்சம். அடியில் விரிக்க மெத்தென்ற துணி. தோல் வறண்டால் துளி எண்ணெய். கடைத் துண்டுகளில் புதிசாக இருந்ததை எல்லாம் எடுத்து விரித்தார். பெட்டியைப் பச்சைச் சுவரோரம் வைத்தார், அங்கேதான் காற்று அடிக்காது. முதல் நாள் அது துண்டுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. இரண்டாவது நாள் மூக்கு வெளியே வந்தது. அந்த வாரத்துக்குள் ஆளை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. காய் வாங்கி வந்த பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், “வீக், வீக்” என்று வீடே அதிருகிற மாதிரி விசில் அடிக்கும். இத்தனூண்டு உடம்புக்குள் அவ்வளவு பெரிய விசில் எங்கே இருந்ததோ!

சாயங்காலம் கடையை மூடியதும் அவர் செய்கிற முதல் வேலை அதைத் தூக்குவதுதான். கையில் எடுத்தால் அப்படி ஒரு சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய சின்னப் பாத்திரத்தைத் துணியோடு பிடித்த மாதிரி இருக்கும். நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டால் சட்டைப் பொத்தானுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு குர்குர் என்று பேசும். அவரும் பேசுவார். தனியாக இருக்கிற மனிதருக்குப் பேச்சு எவ்வளவு சேர்ந்துகிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிள்ளையைப் பற்றித்தான் முக்கால்வாசிப் பேச்சு.

போனில் மகளுக்குக் காட்டினார். எப்போதும் “சாப்பிட்டேன்ப்பா, சரிப்பா, வெச்சிடட்டாப்பா” என்று மூன்று வார்த்தையில் முடிக்கிறவள் அன்றைக்கு வைக்கவே இல்லை.

“அப்பா, அதுக்குக் குளிராதா? அதோட மீசையைப் பாரேன், உன் மீசை மாதிரியே! பேர் என்னப்பா?”

“நீதான் வைக்கணும்.”

“மொட்டை!”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வந்தது. மொட்டை என்ன சாப்பிட்டது, மொட்டை எங்கே தூங்கியது, மொட்டையைக் கத்தச் சொல்லு. இவர் கவரைச் சரசரப்பார், மொட்டை விசில் அடிக்கும், அந்தப் பக்கம் மகள் சிரிப்பாள். போனை வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகத் தெரியும். மொட்டையைத் தூக்கிக்கொண்டு திரைக்கும் சுவருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். நெஞ்சு வலிக்கிற அளவுக்கு அவளைத் தேடியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளே ஆரம்பித்தாள். “பெரியம்மா, ஒரே ஒரு நாள். மொட்டைக்கு முடியே கிடையாது பெரியம்மா.”

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். கப்பலில் வேலை பார்க்கிற கணவர் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். அண்ணிக்குப் பிள்ளை கிடையாது. அண்ணி மகளை ஒருமுறை பார்த்தார், இவரை ஒருமுறை பார்த்தார்.

“சரி தம்பி. சனிக்கிழமை ராத்திரி இருக்கட்டும். ஒரு முழு ராத்திரி இழுப்பு இல்லாம தூங்கிட்டாள்னா, அப்புறம் அவ உங்க வீட்டுலயே இருக்கலாம். நான் குறுக்க நிக்கலை. ஆனா இழுப்பு வந்துச்சுன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்.”

இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாய் சும்மா இருந்ததா? “வராது அண்ணி! இழுப்பு வந்துச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன், போதுமா?” என்று நுனியை முறுக்கிக் காட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானமே கடையைச் சாத்தினார். தரையை மூன்று தடவை துடைத்தார். திரையைத் துவைத்தார், படுக்கையை வெயிலில் போட்டார். மொட்டைக்குப் புதுத் துண்டு விரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது பெட்டியில் உட்கார்ந்து இவரைப் பார்த்தது. இவரும் பார்த்தார். வழவழவென்று உடம்பு, சரி. மூக்கின் மேல் மட்டும் ஒழுங்கில்லாமல் பூனைமுடி, ரெண்டு பக்கமும் ஏறுக்கு மாறாக நீட்டிக்கொண்டிருக்கிற மீசை. விசேஷத்துக்குப் போகிற ஆள் அரைகுறைச் சவரத்தோடு கிளம்பினால் எந்த முடிதிருத்துபவருக்குத்தான் பொறுக்கும்? சின்னக் கத்தரிக்கோல் தானாகக் கைக்கு வந்தது. “ஆடாம இரு ராசா” என்று தாடையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் கொஞ்சம் எடுத்தார். இடப்பக்கம் நீளமாகத் தெரிந்தது, அதையும் எடுத்தார். பிறகு வலது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சமம் பார்க்க ஆரம்பித்தால் கை எங்கே நிற்கும் என்று. கடைசியில் மீசை மொத்தமும் போய்விட்டது. அடுத்த கணம் மொட்டை திரும்பிப் போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் முட்டிக்கொண்டது. இவர் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் மகளின் குரல் கேட்டுவிட்டது.

என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைத் தூக்கினார். அவள் இறங்கிப் பையைப் போட்டுவிட்டு நேரே பெட்டியிடம் ஓடினாள். ஓடினவள் நின்றாள்.

“அப்பா. இதோட மீசை எங்க?”

“டிரிம் பண்ணேன்மா. உனக்காகத்தான். நீட்டா இருக்கட்டுமேன்னு...”

“ஐயோ அப்பா! அதுக்கு இருந்ததே அவ்வளவுதான். அதையும் எடுத்துட்டியா?” அவள் கோபமாக ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மொட்டை அவள் மடியில் தடவித் தடவி ஏறியது. சாயங்காலம் முழுக்க அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து அதற்கு இலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சைச் சுவரைப் பார்த்து, “அம்மா இந்த இடத்துல நிறுத்தினப்பதானே நான் வந்தேன்?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார்.

விடிவதற்கு முன்னால் இழுப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய விசில். மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. அண்ணி ஆட்டோவில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். வாசலில் நின்று, பழக்க தோஷத்தில், “அடுத்து எப்போ...” என்று ஆரம்பித்தார். அண்ணி ஆட்டோவில் ஏறிவிட்டார். ஒரு ‘பார்க்கலாம்’கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்தபோது தெருவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் உதடு வெளுத்துத் தெரிய, யாரோ ஒரு வேற்றாள் மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து, “வெட்டுங்கண்ணே” என்றார். அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை.

அதற்குப் பிறகு மொட்டையும் சரியில்லை. கவரைச் சரசரத்தால் விசில் இல்லை. புல் வைத்தது வைத்தபடி கிடந்தது. கழுத்திலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. தூக்கினால் குர்குர் இல்லை, உடம்பை இறுக்கிக்கொண்டது. தூண்டில் புழுவுக்காகவா மனிதர் இப்படித் துடிப்பார்? துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

டாக்டரம்மா முதலில் முகத்தைப் பார்த்தார். “மீசையை யார் எடுத்தது?”

“நான்தாங்க. நான் முடிவெட்டுற ஆளு... அழகா இருக்கட்டும்னு...”

“உங்க மீசை அழகுக்கு. இதுக்கு மீசைதான் கை. இருட்டுல எது எங்க இருக்குன்னு தடவிப் பார்க்கிறதே அதாலதான்.” டாக்டரம்மா ஒரு பிடி பிடித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். “வளர்ந்துடும், பயப்படாதீங்க. அதுவரைக்கும் பெட்டிக்குள்ள எதையும் இடம் மாத்தாதீங்க. அது சரி, இந்தச் சிவப்பு என்ன?”

விளக்கைக் கிட்டே இழுத்தார். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நுனி கூரான இடுக்கியால் ஒரு புள்ளியிலிருந்து எதையோ பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்தார். இன்னொன்று. இன்னொன்று. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஊசி முனை மாதிரி, வெட்டின முடித் துணுக்குகள்.

“இது இதோட முடி இல்லையே.”

இல்லைதான். யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்த நரைத்தது ஓட்டுநருடையது. அந்தச் செம்பட்டைச் சாயம் மருந்துக்கடைக்காரருடையது. அவர் சாயம் பூசுகிற விஷயம் அவர் சம்சாரத்துக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.

“உங்க சட்டையில இருந்து வருது” என்றார் டாக்டரம்மா. “கடைச் சட்டையோடயே தூக்கி நெஞ்சில வெச்சுக்கறீங்களா?”

“தினமும்” என்றார்.

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மகள் வீட்டில் இருந்த காலத்திலும் அப்படித்தான், தினமும் கடையை மூடியதும் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வருவாள். இதே சட்டையோடுதான் தூக்குவார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை இதே நெஞ்சில்தான் புதைத்துக்கொள்வாள். சனிக்கிழமைகூடத் துடைத்ததெல்லாம் தரையைத்தான். அவள் வந்ததும் ஓடிப்போய்த் தூக்கினது எந்தச் சட்டையோடு? பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னபோது காதில்தான் விழுந்தது. இப்போது இந்த ஜீவன் தன் வெறும் தோலில் அதை எழுதிக் காட்டிவிட்டது. அண்ணி பிள்ளையைப் பறித்துக்கொண்டதாக இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டினாரே! வீட்டை மாற்றுங்கள் என்றபோது ‘பார்க்கலாம்’ என்றது யார்? ஒரு பாதிச் சுவரை விட மனசில்லாமல் ஒரு முழுப் பிள்ளையை விட்டுவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா முன்னாலேயே அழுதார்.

“அட, இது பிழைச்சுக்கும்ங்க” என்றார் டாக்டரம்மா, விஷயம் புரியாமல். ஒரு பொடியைக் கொடுத்து, கரைத்து ஊசி மாட்டாத சிரிஞ்சால் வாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். “இன்னொண்ணு சொல்றேன். இதைத் தனியா வைக்கக்கூடாது. துணை இல்லைன்னா வாடிப்போகும்.”

“எனக்கும் அதேதான் டாக்டர்” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எதிர்ச்சாரியில் தையல்கடைக்கு மேலே ஒரு மாடி அறை காலியாகக் கிடந்தது. இரண்டு ஜன்னல், ஒரு அடுப்படி. சுவர் நாலும் வெள்ளை. அங்கே முதலில் குடிபோனது மொட்டைதான். கிளம்புகிற அன்று அவர் பச்சை அறையில் கொஞ்ச நேரம் நின்றார். வழிந்து காய்ந்த இடத்தை விரலால் தொட்டார். “முடிக்கலைன்னா பரவாயில்லைம்மா, நான் போயிட்டு வர்றேன்” என்றார். அவ்வளவுதான். பிறகு அந்த அறையில் துண்டுகளும் பவுடர் டப்பாக்களும் அடுக்கினார்.

இப்போது ஒரு புதுப் பழக்கம். கடையை மூடியதும் கடைக்குப் பின்னாலேயே தலைக்குக் குளிப்பார். கடைச் சட்டை அங்கேயே தொங்கும். துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் தெருவைத் தாண்டுவார். மழையானாலும் பனியானாலும் ஈரத்தலையோடு தாண்டுகிற மனிதரைத் தெரு வேடிக்கை பார்த்தது. மொட்டையின் காய்ந்த புல்லைக்கூட வெளியே உதறித்தான் உள்ளே எடுத்து வந்தார். டாக்டரம்மா சொன்னது. மொட்டையை மடியில் வைத்துப் பொறுமையாகப் புகட்டினார். சிவப்பு மறைந்தது. ஒரு சாயங்காலம் கவரோடு படி ஏறும்போது, பாதி மாடியிலேயே கேட்டது: “வீக், வீக்!” அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த காய் இரண்டு படி கீழே உருண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பாலம் தாண்டாதவர், அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினார். அண்ணி திறந்து, “யாருங்க வேணும்?” என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

“நிஜமாவே எடுத்துட்டீங்களா தம்பி?”

“சொன்னேனே அண்ணி.” நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மொட்டையின் தோல், சட்டை, மாடி அறை, எல்லாம். “தப்பு என்னோடதுதான். அன்னிக்கே டாக்டர் சொன்னார். நான்தான் பார்க்கலாம்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க. முடியலைன்னா நான் வாயே திறக்கமாட்டேன்.”

உள்ளே மகள் பென்சிலை நிறுத்தியது அவருக்குத் தெரிந்தது. அண்ணி திரும்பி மகளைப் பார்த்தார்.

“பழைய கணக்குத்தான் தம்பி. ஒரு முழு ராத்திரி” என்றார் அண்ணி.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி போய் ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஜன்னலில் வெளிச்சம் வந்ததுமே படியில் காலடிச் சத்தம். அண்ணிதான். ஒரு தோளில் மூச்சு மருந்து மெஷின் வைத்த பை, இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். சரியாகத் தலைகூட வாரவில்லை.

“எப்படி இருக்கா?” மூச்சு வாங்கியது அண்ணிக்குத்தான்.

“தூங்கறா அண்ணி.”

அண்ணி உள்ளே போய்க் குனிந்து பிள்ளையின் வாயருகே காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லாத மூச்சு, சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. போர்வையை இழுத்துவிட்டார். பிள்ளையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார், ஒதுக்கின கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்து மெஷின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, இனி அது எங்கே இருக்கவேண்டும் என்று நினைவு வந்தவர் போல, கழற்றி மேசையில் வைத்தார்.

“சொன்ன சொல் சொன்ன சொல்தான் தம்பி. நீங்க மீசையையே எடுத்தீங்க. நான் பேச்சு மாறமாட்டேன். துணியெல்லாம் சாயங்காலம் கொண்டுவந்து குடுத்துடறேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை வருஷமும் காத்துக்கிடந்தார். கேட்டதும் துள்ளிக் குதிக்கவேண்டியவர், அண்ணியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். அண்ணி வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்:

“அடுத்து எப்போ அனுப்புவீங்க?”

வாசல்தான் வேறு, கேள்வி அதே கேள்வி, குரல் அதே குரல். அவர் குரல்தான் அண்ணி வாயிலிருந்து வந்தது. பதில் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில். அந்தப் பதிலோடு பாலத்தைத் தாண்டுவது எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அதை விழுங்கினார்.

“எப்போன்னு எல்லாம் கேக்காதீங்க அண்ணி. நாளைக்கே வருவா. ஸ்கூல் விட்டா நேரா உங்க வீட்டுக்குத்தான். நான் கடையை மூடிக் குளிச்சிட்டு வந்து கூட்டிக்கறேன். தினமும் அப்படித்தான். அவளுக்கு அம்மா வேணும்ல?”

அண்ணி மேல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மடியில் இருந்த பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. உள்ளேயிருந்து உடனே “வீக், வீக்!” என்று விசில் கிளம்பியது.

“பெரியம்மா வந்துட்டாங்களா?” என்றது தூக்கக் குரல். “மொட்டை கத்துது பாரு அப்பா.”

கவருக்குள் குடமிளகாய் இருந்தது. விதை எடுத்து, சின்னத் துண்டுகளாக அண்ணி வீட்டிலேயே நறுக்கி எடுத்து வந்திருந்தார்.

“எழுந்திருங்க அண்ணி” என்றார் அவர். “நீங்களே குடுங்க.”

அண்ணி செருப்பைக் கழற்றினார்.